பழுப்புத் தாளில் வெட்டிய வீடு

அந்தக் குடும்பத்தில் ‘ரெடிமேட்’ என்பது வசவு. யாராவது யோசிக்காமல் எதையாவது சொல்லிவிட்டால் ‘ரெடிமேட் பேச்சு’ என்பார்கள். குழம்பில் உப்புக் குறைந்தால்கூட, ‘என்ன, இன்னைக்கு ரெடிமேடா?’ என்ற கேள்வி வரும். மூன்று தலைமுறையாகத் தையல்கடை நடத்தி, ஊரில் பாதிப் பேருடைய தோள் அளவை நோட்டுப் புரட்டாமல் சொல்லக்கூடியவர்கள் வேறு எப்படி இருப்பார்கள்? ஆகவே, இன்ஜினியர் கொடுத்தனுப்பிய வீட்டுப் படத்தை மாமனார் வெட்டு மேஜைமேல் விரித்து, கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, “எல்லா ரூமும் பத்துக்குப் பத்து. வீட்ல எல்லாருக்கும் ஒரே சைஸ் சட்டையா?” என்று கேட்டபோதே அந்தப் படத்தின் ஆயுள் முடிந்துவிட்டது.

இன்ஜினியர் நல்ல மனிதர். கோபித்துக்கொள்ளவில்லை. உங்களுக்கு வேண்டியதை நீங்களே வரைந்து கொண்டுவாருங்கள், சுவர் நிற்குமா என்று மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லி அனுப்பினார்.

யார் வரைவது என்ற பேச்சே எழவில்லை. அந்தக் கடையில் துணியின் மேல் கத்தரி வைக்கிற உரிமை ஒரே ஆளுக்குத்தான் உண்டு. அது சின்ன மருமகள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அந்த வீட்டுக்கு வந்த புதிதில் அவளுக்குக் கொடுத்த வேலை பொத்தான் தைப்பது. இரண்டாம் வருஷம், மாமனார் வெட்டிவைத்த ஒரு கோட்டுத் துணியில் இரண்டு கையும் ஒரே பக்கத்துக் கையாக இருப்பதைக் கண்டாள். சொல்லக் கூச்சம். மீந்த துணியில் சத்தமில்லாமல் இன்னொரு கையை வெட்டிப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். மாமனார் வந்து பார்த்தார், இரண்டு நிமிஷம் நின்றார், பிறகு பெரிய கத்தரியை அவள் உட்காரும் பக்கமாகத் தள்ளிவைத்தார். அவ்வளவுதான் பட்டாபிஷேகம். அன்றிலிருந்து கட்டிங் மாஸ்டர் அவள்தான். மூத்த மருமகள் மட்டும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டு, ‘மாஸ்டர்’ என்று கூப்பிட ஆரம்பித்தாள். அதில் பாதி செல்லம், பாதி குத்தல். எந்த நேரத்தில் எந்தப் பாதி என்பது சின்னவளுக்கு இன்னமும் பிடிபடவில்லை.

கடைக்கு மேலே மூன்று அறைகளில் பதினொரு பேர் இருந்தார்கள். மாமனாருடைய அப்பா (அவரைப் பெரியவர் என்றே எல்லோரும் சொல்வார்கள், எண்பத்தெட்டு வயதிலும் தினம் முப்பது பொத்தான் துளைக்குக் காஜா எடுப்பார்), மாமனார், மாமியார், மகன்கள் இருவர், மருமகள்கள் இருவர், நாலு பிள்ளைகள். ஊருக்கு வெளியே இரண்டு மைல் தள்ளி, வயல்களுக்கு நடுவே வாங்கிப்போட்ட நிலத்தில் செங்கல் வீடு கட்டி, பதினொரு பேரும் ஒரே கூரையின் கீழ் போவது என்று தீர்மானம். நிலத்துக்கு முன்னால் சாலை, பின்னால் கால்வாய். இரண்டுக்கும் விடவேண்டிய இடத்தை விட்டால், வீட்டின் அகலம் பதினாலடி அறையும் முன்னால் ஐந்தடி நடையும்தான். நீளம் எண்பத்திரண்டு அடி வரை போகலாம். முதன்முதலில் நிலத்தைப் பார்த்த கொத்தனார், “நிலம் வாங்கியிருக்கீங்களா, இன்ச் டேப் வாங்கியிருக்கீங்களா?” என்று கேட்டார். மாடி போடலாமே என்றதற்கு, முப்பது வருஷம் படியேறி முட்டியைத் தேய்த்துக்கொண்ட மாமியார், புது வீட்டில் ஒரு படி இருந்தாலும் தான் வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டார்.

கொத்தனார் கடைக்கு வந்தபோது இன்னொரு விஷயமும் நடந்தது. வெட்டு மேஜைக்குப் பின்னால் இருந்த சுவரில் சாய்ந்தவர், சட்டென்று திரும்பி விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். இங்கே ஒரு காலத்தில் வாசல் இருந்திருக்கிறது, மேலே பாரம் தாங்குகிற லிண்டல் அப்படியே இருக்கிறது, கீழே செங்கல்லை வைத்து அடைத்திருக்கிறார்கள், பக்கச் சுவரோடு பின்னவில்லை, அதனால்தான் இந்த நேர்க்கோட்டில் விரிசல் என்று விளக்கினார். “வியாபாரம் பெருகினா சொல்லுங்க. அரை நாள்ல பிரிச்சு இன்னொரு வாசல் குடுத்துடறேன். மேல் சுவருக்கு ஒண்ணும் ஆகாது.” எல்லோரும் சிரித்தார்கள். சின்னவள் அந்த விரிசலை ஒன்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தவள். அன்றுதான் அது என்னவென்று தெரிந்தது.

வீட்டுக்கும் அவள் சட்டைக்கு எடுப்பது போலவே அளவு எடுத்தாள். ஒரு நாளைக்கு ஒருவர். நோட்டில் ஒரு பக்கம். எங்கே தலை வைத்துப் படுப்பீர்கள், காலையில் எழுந்ததும் எந்தப் பக்கம் கால் வைப்பீர்கள், அலமாரிக் கதவு திறந்தால் எவ்வளவு தூரம் வரும், எல்லாம் எழுதினாள். கடைசியில், உங்களுக்கு அறை எவ்வளவு நீளம் வேண்டும் என்று கேட்டு அடியில் கோடு போட்டாள். மாமியார் தங்களுக்குப் பன்னிரண்டரை என்றார். சமையலறைக்கும் அவரே பதினாலு சொன்னார். தையல் அறைக்கு அவள் கணவன் பதினாறு. மூத்தவள் தன் அறைக்குப் பதினேழு. தன் அறைக்குச் சின்னவளே பதினாலு என்று எழுதிக்கொண்டாள். பெரியவர் மட்டும் அவள் கேள்வியை முடிப்பதற்குள், “பத்தடி. சாலையைப் பாத்து ஒரு ஜன்னல். உக்காந்தா முழங்கை அதுல வைக்கணும்,” என்று சொல்லிவிட்டுக் காஜாவில் மறுபடி ஊசியை இறக்கினார்.

பிறகு ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்று கணக்கு வைத்து, சட்டைக்கு மாதிரி வெட்டுகிற பழுப்புத் தாளில் ஒவ்வோர் அறையையும், சுவர்க் கனமும் சேர்த்து, தனித்தனித் துண்டாக வெட்டினாள். மேஜையில் எண்பத்திரண்டு அங்குலத்துக்குச் சுண்ணக்கட்டியால் கோடு இழுத்தாள். துண்டுகளை வரிசையாக அடுக்கினாள். கடைசித் துண்டு கோட்டைத் தாண்டி நாலரை அங்குலம் வெளியே நின்றது.

மறுபடி அடுக்கினாள். துண்டுகளை இடம் மாற்றினாள். இடம் மாற்றினால் நீளம் குறையுமா என்ன? நாலரை அடி நாலரை அடியாகவே நின்றது.

செய்தி மாடிக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? சாப்பாட்டு நேரத்தில் எல்லோருமே பெருந்தன்மையாகப் பேசினார்கள். ஆனால் ஒவ்வொருவரும் அடுத்தவர் அறையைப் பற்றியே பேசினார்கள். தையல் அறைக்குப் பதினாறு எதற்கு என்றார் மாமியார். சமையலறையில் பந்து விளையாடப் போகிறார்களா என்றான் சின்னவளின் கணவன். கடைசியில் எல்லாப் பார்வையும் பதினேழில் வந்து நின்றது. மூத்தவள் தட்டைவிட்டுத் தலை நிமிர்த்தாமல் சொன்னாள்: “பதினேழுன்னா பதினேழுதான். முடியலேன்னா சொல்லிடுங்க. நாங்க டவுன்லயே ஒரு வீடு பாத்துக்கிறோம். மாஸ்டர் கோட்டுக்குள்ள அடங்கற மாதிரி வெட்டிக்கட்டும்.”

இந்தத் தடவை அதில் செல்லம் இல்லை. பக்கத்தில் இருந்த மூத்தவளின் கணவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். பதினொரு பேர் என்று ஆரம்பித்த வீடு ஏழு பேர் வீடாகிவிடும் போலிருந்தது. திங்கட்கிழமை கொத்தனார் சுண்ணாம்புப் பொடியோடு நிலத்தில் கோடு போட வருகிறார். அதற்குள் துண்டுகள் கோட்டுக்குள் வர வேண்டும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில், சின்னவள் டேப்பை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். கேட்டு எழுதியதை விட்டுவிட்டு, பொருள்களையே அளந்தாள். மாமியாருடைய கட்டில், அலமாரி, சுவர்க் கனம், நடுவில் ஆள் நடக்க இடம். கூட்டினால் பதினொன்று வந்தது. கேட்டது பன்னிரண்டரை. தையல் அறைக்கு மூன்று மெஷினும் இஸ்திரி மேஜையும் போட்டால் பதினாலு. கேட்டது பதினாறு. சமையலறையிலும் ஓர் அடி கூட. மூத்தவள் அறையைப் பதின்மூன்றுக்கு மேல் எப்படி இழுத்தும் கொண்டுபோக முடியவில்லை. நாலடி அதிகம்.

கோபம் வந்தது. எல்லோரும் சேர்ந்து ஏமாற்றியிருக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டே கீழே இறங்கி, தன் அறைத் துண்டைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றாள். கோடு போட்ட இடத்திலிருந்து அரை அங்குலம் வெளியே தள்ளி வெட்டியிருந்தது. அடுத்த துண்டைப் பார்த்தாள். அதிலும் அரை அங்குலம். ஆறு துண்டிலும், நூல் பிடித்தாற்போல, தையலுக்கென்று அரை அரை அங்குலம் விட்டு வெட்டியிருந்தாள். அவள் வெட்டவில்லை, கை வெட்டியிருக்கிறது. செங்கல் சுவரை எந்த மெஷினில் கொடுத்துத் தைக்கப்போகிறாள்? போதாததற்கு, பன்னிரண்டரை போதும் என்று தெரிந்தும் தன் அறைக்குப் பதினாலு எழுதியவளும் அவள்தான். பிள்ளைகள் வளருமே, பிரித்துவிட இருக்கட்டும் என்று. இருந்த இடத்திலேயே உட்கார்ந்து, வயிறு வலிக்கும் வரை தனியாகச் சிரித்தாள்.

ஏமாற்று இல்லை இது. பழக்கம். இந்த வீட்டில் யார் எதை வெட்டினாலும் தைத்தாலும் உள்ளே கொஞ்சம் துணி விடுவார்கள். அதிலும் ஒரு மரியாதை உண்டு: உள்ளே எவ்வளவு விட்டிருக்கிறாய் என்று ஒருவரை ஒருவர் கேட்கக் கூடாது. வாடிக்கைக்காரர் உடம்பு பெருத்துக் கூச்சத்தோடு வந்து நிற்கும்போது, ஒரு வார்த்தை பேசாமல் பிரித்துவிட்டு அனுப்புவதுதான் தையல்காரனின் நாகரிகம் என்று மாமனார் சொல்வார். விட்டதைச் சொல்லிக்காட்டுவது ரெடிமேட் புத்தி. இப்போது அதைத்தான் எல்லோரையும் சொல்லவைக்க வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையின் ஷட்டரை இறக்கிவிட்டு எல்லோரையும் வெட்டு மேஜையைச் சுற்றி நிற்கவைத்தாள். பெரியவருக்கு மட்டும் ஸ்டூல். ஆறு துண்டிலிருந்தும் தன் அரை அங்குலங்களை எல்லோர் முன்னாலும் கத்தரித்து எறிந்தாள். பிறகு தன் அறைத் துண்டைத் தூக்கிக் காட்டினாள்.

“இதுல இன்னும் ஒன்றரை அடி உள்ள விட்டிருக்கேன். பிள்ளைங்க வளரும்னு. கேக்கக் கூடாதுதான், தெரியும். நான் கேக்கல. என்னோடதைச் சொல்றேன், அவ்வளவுதான்.”

கணவன்தான் முதலில் தலையைச் சொறிந்தான்: நாலாவது மெஷின் வாங்கினால் போடுவதற்கு இரண்டு அடி. மாமியார் மாமனாரைப் பார்த்தார், மாமனார் கூரையைப் பார்த்தார். இருவரில் ஒருவர் படுக்கையில் விழுந்தால் பக்கத்தில் இன்னொரு கட்டில் போட ஒன்றரை அடி என்று மாமியார் மெல்லச் சொன்னார். சமையலறையின் ஓர் அடிக்கு அவரிடம் காரணமே இல்லை, “சும்மாதான். கை வந்துடுச்சு,” என்றார். எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பெரியவரிடம் திரும்பினார்கள். “காஜாவுக்கு உள்ள விட முடியுமா? பொத்தான் எவ்வளவோ காஜா அவ்வளவு. பத்தடின்னா பத்தடி,” என்றார் அவர், எண்பத்தெட்டு வருஷ மிடுக்கோடு.

மூத்தவள் மட்டும் சிரிக்கவில்லை. தான் ஒன்றும் விடவில்லை என்றாள். சின்னவள் பின்சுவர்ப் பக்கம் திரும்பி, கொத்தனார் தட்டிய இடத்தில் தட்டினாள்.

அவள் சொன்னது இதுதான். துணியை உள்ளே விட்டால்தான் பிரிக்க முடியும். வீட்டுக்கு அது தேவையில்லை. ஒவ்வோர் அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவில் உள்ள குறுக்குச் சுவரில் ஒரு வாசல் அகலத்துக்கு லிண்டல் போட்டுவிடுவது. கீழே செங்கல்லால் அடைப்பது, ஆனால் பக்கத்துச் சுவரோடு பின்னாமல் அடைப்பது. பிறகு பிரிப்பதற்காகப் போடுகிற ஓட்டுத் தையல் மாதிரி. படுக்கையில் விழுந்தவர் பக்கத்தில் ஆள் வேண்டுமா, பிரித்துக்கொள்ளலாம். பிள்ளைகள் வளர்ந்தார்களா, பிரித்துக்கொள்ளலாம். நாலாவது மெஷின் அடுத்த அறைக்குள் மூக்கை நீட்டட்டும். ஆளாளுக்கு ஒரு மூலையில் ஒளித்துவைத்த ஓர் அடியும் ஒன்றரை அடியும் யாருக்கும் உதவாது. வெட்டுத் துண்டு பத்து இடத்தில் கிடந்தால் குப்பை, ஒரே இடத்தில் கிடந்தால் ஒரு சட்டை.

சொல்லிக்கொண்டே மாமியாரின் துண்டிலும், கணவன் துண்டிலும், சமையலறையிலும், தன்னுடையதிலும் அவரவர் சொன்ன அளவை வெட்டினாள். மூத்தவளின் துண்டைத் தொடவில்லை. பதினேழு பதினேழாகவே இருந்தது. எல்லாவற்றையும் நெருக்கி அடுக்கினாள். கோட்டுக்குள் அடங்கியது. அடங்கியது மட்டுமில்லை, கடைசியில், மூத்தவளின் துண்டுக்கு அப்பால், மேஜைப் பலகை நாலரை அங்குலத்துக்கு வெறுமையாகத் தெரிந்தது.

“அக்கா, உங்க பதினேழு உங்களுக்குத்தான். இந்த நாலரை மிச்சம். இதுக்கு என்ன பண்ணலாம்னு எனக்குத் தெரியல,” என்றாள் சின்னவள்.

கோணி அடுக்கவா, சைக்கிள் நிறுத்தவா என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். மூத்தவள் அந்த வெறும் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு காரியம் செய்தாள். இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூடத் தொடாத பெரிய கத்தரியைக் கையில் எடுத்தாள். தன் அறைத் துண்டைத் திருப்பி, டேப் வைத்து, நாலு அங்குலத்தை வெட்டினாள். வெட்டு கொஞ்சம் கோணலாகத்தான் போயிற்று. வெட்டிய நாலை வெறும் நாலரைக்குப் பக்கத்தில் வைத்து விரலால் தள்ளினாள்.

“எட்டரை,” என்றாள். “எங்க அப்பாவுக்குப் போதும்.”

அவளுடைய அப்பா அச்சகத்தில் அச்சுக் கோத்தவர். வேலையை விட்ட பிறகும் அச்சகத்தின் பின்னால் இருந்த ஒற்றை அறையிலேயே தனியாக இருந்தார். சனிக்கிழமை தோறும் மூத்தவள் ஊசி வாங்கப் போகிறேன் என்று சொல்லிக் கிளம்பி, அடுக்குப் பாத்திரத்தைப் பையில் மறைத்து எடுத்துப்போவாள். வாரம் ஒரு ஊசி எந்தக் கடையிலும் உடைவதில்லை என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் கேட்டதில்லை.

மாமியார் அவள் கையிலிருந்து கத்தரியை வாங்கி மேஜையில் வைத்தார். “இதுக்கா நாலடியை ஒளிச்சு வச்சே? வாயைத் திறந்து கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டோமா?”

“குடுப்பீங்கன்னு தெரியும், அத்தை. அதனாலதான் கேக்க முடியல.”

பெரியவர் தொண்டையைச் செருமினார். அச்சுக் கோத்தவர் என்றால் கண் நன்றாக இருக்கும், ஊசியில் நூல் கோக்க ஆள் கிடைத்தது என்றார். மூத்தவள் அழுதுகொண்டே சிரித்தாள். சின்னவள் அவள் வெட்டிய கோணலை நேராக்கக் கத்தரியை எடுத்தாள், பிறகு என்ன நினைத்தாளோ, அப்படியே வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை நிலத்தில் பழுப்புத் துண்டுகளைக் கல் வைத்து விரித்தபோது கொத்தனார் முதலில் கேலி செய்தார். சுவருக்கு ஓட்டுத் தையல் போடுகிற வீட்டை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். இரண்டாவது தடவை அவள் விளக்கியபோது கேலி நின்றது. ஏழு அறை, ஆறு குறுக்குச் சுவர், ஆறு லிண்டல். பாரம் லிண்டலில் இறங்கும், அடைப்புக் கல்லுக்கு வேலையே இல்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். இன்ஜினியர் தாளை ஒருமுறைக்கு இருமுறை பார்த்து, லிண்டலின் கம்பியை மட்டும் ஒரு சுற்றுக் கூட்டச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு கொத்தனாரைப் பிடிக்க முடியவில்லை. அடைப்புக்குச் சிமென்ட் போட்டால் பிரிக்கும்போது கல் உடையும், சுண்ணாம்புச் சாந்துதான் வைக்கவேண்டும் என்று அவரே பிடிவாதம் பிடித்தார். வீட்டுக்குள் மற்ற சுவருக்கெல்லாம் பூச்சு, அந்த ஆறு இடத்துக்கு மட்டும் பூச்சு வேண்டாம், கல் தெரியட்டும், நாளைக்குப் பிரிப்பவன் தேடக் கூடாது என்றதும் அவர்தான்.

ஒன்பது மாதத்தில் வீடு எழும்பியது. சாலையில் போகிறவர்கள் பார்த்தால், வயலுக்கு நடுவே சிவப்பாக, நீளமாக, மடித்து வைக்காத அளவு டேப் மாதிரி கிடக்கும். பெரியவரின் முழங்கை ஜன்னலில் சரியாக அமர்ந்தது. மாமியாரைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் சமையலறைக்குப் போவதில்லை. அவர் அவர்களை ஒவ்வோர் அறையாக அழைத்துப்போய், பூச்சில்லாத அந்தச் செங்கல் பகுதியில் கையை வைக்கச் சொல்வார். வாழ்நாளில் ஒரு சட்டையின் உள்பக்கத்தை யாருக்கும் காட்டாத மனுஷி, வீட்டின் உள்தையலை ஊருக்கெல்லாம் காட்டினார். “எங்க சின்னவ வச்சது. எப்ப வேணா பிரிக்கலாம்,” என்பார்.

மூத்தவளின் அப்பா ஒரு பெட்டியோடும் ஒரு கட்டிலோடும் வந்து சேர்ந்தார். மூத்தவளின் கணவன் கட்டிலை உள்ளே கொண்டுபோய்ப் போட்டான். தலைமாட்டில் பெட்டி, கால்மாட்டில் நாற்காலி, நடுவில் ஆள் நடக்க வழி. விரல் நுழைகிற இடம்கூட வீணாகவில்லை. வாழ்நாள் முழுவதும் எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே இடம் பார்த்து அச்சுக் கோத்த கண் அது. கட்டிலில் உட்கார்ந்து நாலு பக்கமும் பார்த்தார்.

“என்னை யாரும் அளவே எடுக்கலையேம்மா. எப்படி இவ்வளவு கச்சிதமா வந்துச்சு?”

மூத்தவள் வாசலில் சாய்ந்து நின்றாள். சின்னவள் அவளுக்குப் பின்னால், கையில் அவருக்கான தண்ணீர்ச் செம்போடு நின்றாள்.

“அளவு நான் குடுத்தேன்பா,” என்றாள் மூத்தவள். பிறகு பின்னால் திரும்பாமலே, கையை மட்டும் நீட்டிச் சின்னவளின் மணிக்கட்டைப் பிடித்து முன்னால் இழுத்து நிறுத்தினாள். “வெட்டினது இவ. எங்க மாஸ்டர்.”

அதில் குத்தல் எந்தப் பாதியிலும் இல்லை. சின்னவள் செம்பை நீட்டினாள்.